கோயிலில் சோறு போடுகிறோம், அரசாங்கத்திடம் ஏன் பேச வேண்டும்? டர்பனிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்த கேள்வி இதுதான்: "சாட்ஸ்வர்த் பக்கம் எங்கள் கோயிலில் சனிக்கிழமைதோறும் அன்னதானம் நடக்கிறது. அக்கம்பக்கத்து சர்ச்சுகளும் ஒரு மசூதியும் சேர்ந்து, பட்டினியை ஒழிக்க அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டு மனு தயாரிக்கிறார்கள். எங்களையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். 'சோறு போடுவதுதான் நம் வேலை, அரசியல் நமக்கெதற்கு' என்கிறார்கள் கமிட்டிப் பெரியவர்கள். கோயில் இதில் இறங்கலாமா? இறங்கினால் பலன் உண்டா?"

இறங்கலாம். பலன் உண்டா என்பது என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "பட்டினியை ஒழியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. குறிப்பாகக் கேட்ட சில விஷயங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கமிட்டியில் வாசித்துக் காட்ட உதவும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கோயிலில் வாரம் 500 தட்டு என்று வையுங்கள். ஆண்டுக்கு 26,000. அண்டா, கேஸ், அரிசி, பருப்பு, விடிகாலை நாலு மணிக்கு வந்து வெங்காயம் உரிக்கும் அம்மாக்கள் என்று எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் முடியும். இது சாதாரண உழைப்பில்லை. ஆனால் அதே தெருவில் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அரசின் பள்ளி உணவுத் திட்டம் நடந்தால், ஆண்டுக்குச் சுமார் 200 பள்ளி நாளில் 2 லட்சம் தட்டு போகும். ஒரே பள்ளியில்! நாடு முழுக்க அந்தத் திட்டத்தில் தினமும் சாப்பிடும் பிள்ளைகள் 90 லட்சத்துக்கு மேல். 1994-ல் மண்டேலா அரசு வந்ததுமே தொடங்கிய திட்டம் அது. பீன்ஸ், சாம்ப் என்ற உடைத்த மக்காச்சோளம், மீலி மீல் என்ற மக்காச்சோள மாவு, டின் மீன், சோயா, காய்கறி என்று சமைத்து, காலை பத்து மணிக்குள் பரிமாற வேண்டும் என்பது விதி. பிள்ளை வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கும் என்று தெரிந்து வைத்த நேரம் அது.

ஆக, அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் நாட்டிலுள்ள கோயில், சர்ச், மசூதி எல்லாம் சேர்ந்தாலும் அதை அடைக்க முடியாது. ஓட்டை விழுந்து பார்த்தும் விட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது சாப்பாடும் நின்றுபோனது. ஜூனில் சில வகுப்புகளை மட்டும் திறந்தார்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு உண்டு என்று அறிவித்த கல்வித்துறை, பிறகு பின்வாங்கியது. ஈக்வல் எஜுகேஷன் என்ற அமைப்பும் லிம்போபோ மாகாணத்தின் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் வழக்குப் போட்டன. 2020 ஜூலை 17 அன்று பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் உணவு போய்ச் சேர வேண்டும், எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று 15 நாளைக்கொரு முறை நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நம் க்வாசூலு-நட்டால் மாகாணமும் அந்த உத்தரவில் அடக்கம். அந்த மாதங்களில் டர்பனில் எத்தனையோ கோயில்கள் பொட்டலம் கட்டிக் கட்டிக் கை ஓய்ந்துபோயின. லட்சக்கணக்கான தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு தாள் உத்தரவு.

மூன்றே ஆண்டில் இன்னொன்று. 2023 ஏப்ரலில் நம் மாகாணத்தில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு உணவுப் பொருள் தரும் வேலையை ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார்கள். பல பள்ளிகளுக்குச் சாமான் வரவே இல்லை, சில இடங்களில் கெட்டுப்போனது வந்தது. பிள்ளைகள் பசியோடு வீட்டுக்குப் போனார்கள். ஆசிரியர் சங்கங்கள், பெற்றோர், பத்திரிகைகள் எல்லாம் சத்தம் போட்ட பிறகு ஒப்பந்தம் ரத்தானது. சமையல்காரரும் இருந்தார், அடுப்பும் இருந்தது, பட்ஜெட்டும் இருந்தது. கோளாறு டெண்டரில். அதைக் கரண்டியால் எப்படிச் சரிசெய்வது?

இப்போது உங்கள் தெருவுக்கு வருகிறேன். கமிட்டி இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் பள்ளிகளை ஏழ்மை, வசதி பார்த்து ஐந்து தட்டாகப் பிரித்திருக்கிறார்கள், குவின்டைல் என்று. ஒன்று முதல் மூன்று வரை ஏழைப் பள்ளி: கட்டணம் கிடையாது, சாப்பாடு உண்டு. நாலும் ஐந்தும் கட்டணப் பள்ளி: பொதுவாகச் சாப்பாடு கிடையாது. எந்தத் தட்டு என்று தீர்மானிப்பது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் மக்கள்தொகைக் கணக்கு, அதாவது அங்கே குடியிருப்போரின் வருமானம், வேலை, எழுத்தறிவு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டு நிலைமை இதில் வருவதே இல்லை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய இந்தியப் பள்ளிகள் பலவும் மேல் தட்டில் போய் உட்கார்ந்தது இப்படித்தான். இன்று அந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் யார்? பக்கத்து ஏழைக் குடியிருப்பான வெல்பெடாக்ட்டிலிருந்தும், அருகிலுள்ள தகரக் குடிசைகளிலிருந்தும் நடந்து வரும் பிள்ளைகள். அவர்களோடு, அப்பா வேலை போய் வீட்டிலிருக்கும் நம் ஃபிளாட்டுப் பிள்ளைகளும். காகிதத்தில் வசதியான பள்ளி, வகுப்பில் காலி வயிறு. அங்கே சாண்ட்விச் போடுவது ஆசிரியர்களும், உங்களைப் போன்ற கோயில்களும்தான். ஒரு பள்ளியின் தட்டை மறுபரிசீலனை செய்யச் சொல்லியோ, தட்டு மாறாவிட்டாலும் உணவுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லியோ மாகாணக் கல்வித்துறையிடம் கேட்கலாம். தலைமை ஆசிரியர் தனியாகக் கேட்டால் கோப்பில் தூங்கும். கோயிலும் சர்ச்சும் மசூதியும் சேர்ந்து, "இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் இத்தனை நாள் நாங்கள்தான் சோறு போடுகிறோம், இதோ கணக்கு" என்று கேட்டால் அதைத் தள்ளுவது கஷ்டம்.

அந்தக் கணக்கு உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான கோயில்களில் இருக்காது. அரிசி எத்தனை மூட்டை, உபயதாரர் யார் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். வந்து சாப்பிட்டவர் யார் என்பது இருக்காது.

அடுத்த சில வாரம் வரிசையை நின்று பாருங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை வரிசை குட்டையாக இருக்கும். உதவித்தொகை அந்த வாரம்தான் கைக்கு வந்திருக்கும். மூன்றாம் சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே நீளும். பள்ளி விடுமுறை என்றால் தலைகள் குட்டை குட்டையாகத் தெரியும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டி வாங்கும் பெண்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், மூடியை அழுத்தி மூடிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அந்த ஒரு டப்பா எத்தனை பேருக்கு என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெயர் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், படம் கண்டிப்பாக வேண்டாம். தேதி, பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, எடுத்துப்போன டப்பா எத்தனை, அவ்வளவு போதும். மூன்று மாதம் எழுதினால், மாதத்தின் எந்தத் தேதியில் வீட்டுச் சமையல் நிற்கிறது என்று அந்த நோட்டே சொல்லும்.

ஏன் நிற்கிறது என்பதற்கும் அரசின் எண்களே இருக்கின்றன. ஒருவர் உயிர் தரிக்கத் தேவையான உணவுக்கு மட்டும் மாதம் எவ்வளவு வேண்டும் என்று புள்ளியியல் துறை ஆண்டுதோறும் ஒரு கோடு போடுகிறது. 2024-ல் அது 796 ராண்ட். அதே ஆண்டின் கடைசியில் குழந்தை உதவித்தொகை 530 ராண்ட். வேலையில்லாதவருக்குக் கொரோனா காலத்தில் வந்து அப்போதும் தொடர்ந்த உதவித்தொகை 370. சோற்றுக்கே போதாது, சோப்பு, பஸ், மின்சாரம் எல்லாம் அதற்கு மேல். 2025-ல் குழந்தைத் தொகையை 560 ஆக்கினார்கள். 2024-ன் கோட்டைக்கூட அது தொடவில்லை. 1 கோடி 30 லட்சம் குழந்தைகளுக்கு மேல் இந்தத் தொகையை நம்பி இருக்கிறார்கள். குழந்தை உதவித்தொகையை இந்த உணவுக் கோட்டுக்காவது உயர்த்துங்கள் என்பது பல அமைப்புகள் வைக்கும் கோரிக்கை. உங்கள் கூட்டு மனுவில் அது இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே வரி, ஒரே எண். அதிகாரி மழுப்ப இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1996 அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, போதிய உணவு பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது. ஆனால் வசதிக்கேற்பப் படிப்படியாகச் செய்யலாம் என்று அரசுக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கிறது. 28-ஆம் பிரிவு ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை ஊட்டச்சத்து உரிமை உண்டு என்கிறது. அங்கே "படிப்படியாக" என்ற பேச்சே கிடையாது. பிள்ளைகளை முன்வைத்துக் கேட்பது வலுவாக நிற்பது இதனால்தான். ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு 27 பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியிருக்கிறார்கள் என்று 2016-ன் தேசிய ஆய்வு சொன்னது. உபரி மக்காச்சோளத்தை வெளிநாட்டுக்கு விற்கும் நாடு இது.

அரசியல் என்ற பயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்தல் வந்தால் போதும், எந்தக் கட்சிக்காரருக்கும் கோயில் வழி தெரிந்துவிடுகிறது. மாலையைப் போட்டுக்கொண்டு கரண்டியைப் பிடித்து ஒரு படம், அத்தோடு சரி. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பாகக் கோயில் பதிவாகியிருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி அதன் பணத்தையோ இடத்தையோ எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. சட்டம் தடுப்பது கட்சி அரசியலைத்தான். ஒரு கொள்கையைப் பற்றி அரசிடம் கருத்துச் சொல்வதை அது தடுக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், மக்கள் பங்கெடுக்க வழி செய்ய வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 59-ஆம் பிரிவே சொல்கிறது.

நம் ஆட்கள் இந்த மண்ணில் முதலில் கற்றதே சோற்றுக்கு மனு கொடுக்கத்தான். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது, தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கொண்டுவந்த 342 பேரோடு. அவர்களுடைய ஒப்பந்தத்தில் கூலியோடு அரிசி, பருப்பு, உப்பு, மீன், எண்ணெய் என்று ரேஷனும் எழுதியிருந்தது. அதாவது சோறு முதலாளி போடும் தருமமாக இல்லை, ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கி. தோட்டங்களில் அதை ஒழுங்காகக் கொடுக்கவில்லை, ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். 1871-ல் ஊர் திரும்பியவர்கள் மதராஸில் இறங்கியதும் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். அதைக் கேட்ட இந்திய அரசு, இதைச் சரிசெய்யாமல் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருந்த காலனிக்கு, இனி ஆள் அனுப்ப மாட்டோம் என்றது. 1872-ல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது, புகாரைக் கேட்கக் காப்பாளர் என்று ஒரு அதிகாரியை நியமித்தார்கள், 1874-ல்தான் கப்பல் திரும்ப ஓடியது. காப்பாளர் உத்தமர் என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் முதலாளி பக்கமே சாய்ந்தார்கள். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத கூலிகளின் வாய்ச்சொல் ஒரு காலனியின் சர்க்கரைத் தொழிலையே காத்திருக்க வைத்தது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் நடத்தும் கோயில் கமிட்டி ஒரு கடிதம் எழுதத் தயங்குவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் அன்னதான மண்டபத்தில் "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்று எழுதியிருக்கும், பல கோயில்களில் உண்டு. அது புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் வருகிறது. குடபுலவியனார் என்ற புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்துப் பாடியது. அன்னதானம் செய் என்று அவர் அரசனிடம் சொல்லவில்லை. உணவு என்பது நிலமும் நீரும்தான், அதனால் பள்ளமான இடம் பார்த்துக் கரை கட்டி நீர்நிலை பெருக்கு, அதைச் செய்தவன் பெயர்தான் நிற்கும் என்கிறார். போரில் ஜெயித்துவிட்டு வந்த ராஜாவிடம் பாசன வேலையைப் பற்றிப் பேசிய பாட்டு அது! சுவரில் நாம் பாதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

சர்ச்சுகள் இதில் நமக்கு முன்னே இருப்பதற்குக் காரணம் பக்தி அதிகம் என்பதல்ல, அமைப்பு. கத்தோலிக்க ஆயர்கள் 1997 முதலே கேப் டவுனில் நாடாளுமன்றத் தொடர்புக்கென்று அலுவலகம் வைத்திருக்கிறார்கள். டர்பனில் பேராயர் டெனிஸ் ஹர்லி 1976-ல் தொடங்கிய டயகோனியா பல சபைகளையும் ஒன்றாக உட்கார வைத்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1979-ல் பாக்ஸா என்ற கிறிஸ்தவ சமூகப்பணி அமைப்பு உருவானது. பின்னாளில் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஏழைக் குடும்பம் வாங்கும் சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் கடை கடையாகப் போய் விலை எழுதினார்கள். 2018 முதல் அதைத் தனி அமைப்பாகத் தொடர்கிறார்கள், டர்பன் கடைகளும் உண்டு. குடும்பத்தின் பட்டியலை வைத்தே விலை பார்ப்பதால், அரசின் சராசரி விலைவாசி எண்ணில் மறைந்துபோவது அங்கே தெரிந்துவிடும். பத்திரிகையும் தொழிற்சங்கமும் நாடாளுமன்றக் குழுவும் அந்த எண்களைத்தான் எடுத்துப் பேசுகின்றன. அமெரிக்காவில் 1974-ல் ஆர்தர் சைமன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய "பிரெட் ஃபார் த வேர்ல்டு" இயக்கம் இன்னொரு வழி பிடித்தது: சபையார் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது, பசி ஒழிப்புச் சட்டங்களைப் பற்றித் தங்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதி, அதையே காணிக்கையாக வைப்பது. நம் கோயில்களோ ஒவ்வொன்றும் தனிச் சங்கம், தனிக் கமிட்டி, தனிச் சண்டை. 1912-லிருந்து இந்து மகா சபை இருக்கிறது, 1968-லிருந்து தமிழ்க் கூட்டமைப்பு இருக்கிறது. விழாவுக்கும் மொழிக்கும் கூடுகிறோம், பட்ஜெட்டுக்குக் கூடுவதில்லை.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். 2001-ல் சர்ச்சுகளின் மாமன்றமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, எல்லாருக்கும் மாதம் 100 ராண்ட் அடிப்படை வருமானம் கேட்டன. 2002-ல் அரசே அமைத்த டெய்லர் குழுவும் அதை ஆதரித்தது. மந்திரிசபை ஏற்கவில்லை. தோல்விதான். ஆனால் அதே காலத்தில், 1998-ல் ஏழு வயது வரைக்கும் என்று தொடங்கிய குழந்தை உதவித்தொகையைப் பதினெட்டு வரை நீட்டச் சொல்லி விடாமல் கேட்டார்கள். முதலில் பதினாலு, பிறகு பதினெட்டு என்று அது நடந்தது. வேலையில்லாத பெரியவருக்கு ஒன்றும் கிடையாது என்று பதினெட்டு ஆண்டு சொல்லிக்கொண்டிருந்த அரசு, 2020 மே மாதம் 350 ராண்ட் கொடுக்கத் தொடங்கியது. கொள்ளைநோய் வந்துதான் கதவு திறந்தது. வாசலில் பழைய கோரிக்கை நின்றுகொண்டிருந்தது.

வரியையும் விடாதீர்கள். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், மீலி மீல், முட்டை, காய்கறிக்கு இந்த நாட்டில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி கிடையாது. 1991-ல் வாட் வந்தபோது தொழிற்சங்கங்களும் பொதுநல அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன; அந்த விலக்குப் பட்டியலுக்குப் பின்னால் இப்படிப் பல போராட்டம் உண்டு. 2018-ல் வரி 15 சதவீதமானபோது ஒரு நிபுணர் குழு மக்களிடம் கருத்துக் கேட்டது. அதன் பிறகுதான், 2019 ஏப்ரல் 1 முதல், நாம் ரொட்டிக்குப் பிசையும் கேக் மாவுக்கும் வரி போனது. 2025-ல் வாட்டை ஏற்றப் பார்த்து, எதிர்ப்பால் கைவிட்டார்கள். ஆனால் அதோடு சேர்த்து அறிவித்த புதிய விலக்குகளும், டின் காய்கறி போன்றவை, போய்விட்டன. கோழி இறைச்சிக்கு இன்னும் வரி உண்டு. உங்கள் சனிக்கிழமைச் சமையல் சைவம் என்பதால் இது கண்ணில் படாது. வரிசையில் நிற்பவர் வீட்டில் படும்.

இனி கையெழுத்து விஷயம். கூட்டு மனுவை அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் பங்குக்கு ஒரு பத்தியை நீங்களே எழுதிச் சேருங்கள்: நோட்டுக் கணக்கும் பள்ளியின் பெயரும் அதில் வரட்டும். "எங்கள் சமூகத்துக்கு" என்று கேட்கவே கூடாது. இந்தியருக்கும் கறுப்பினருக்கும் இடையே விரிசல் விட்ட 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. வெல்பெடாக்ட் பிள்ளைக்கும், கறுப்பினர் வாழும் உம்லாஸி பிள்ளைக்கும் சேர்த்தே கேளுங்கள்; உங்கள் வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தானே. கமிட்டியில் தீர்மானம் போட்டு கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள், நாளைக்கு யாரும் தலைவர் தனியாகச் செய்தார் என்று சொல்லாமலிருக்க.

நேரமும் முக்கியம். நிதியமைச்சர் பட்ஜெட்டை வழக்கமாக பிப்ரவரியில் வைப்பார். அதன்பின் நாடாளுமன்றத்தின் நிதிக் குழுக்கள் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு அறிவிப்பு விடும், அவகாசம் கொஞ்ச நாள்தான். தீபாவளி முடிந்த கையோடு எழுதி வைத்துக்கொண்டால் உதவித்தொகைக் கோரிக்கை அங்கே நேரத்துக்குப் போகும். பள்ளி விஷயம் அதற்குக் காத்திருக்க வேண்டாம்: தலைமை ஆசிரியரையும் பள்ளி நிர்வாகக் குழுவையும் கூட்டிக்கொண்டு, தனிக் கடிதமாக பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள மாகாணக் கல்வித்துறைக்குக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ஒரு பருவம் முடிந்தும் பதில் வராவிட்டால், அந்த முத்திரை நகலையே மாகாணச் சட்டமன்றத்தின் கல்விக் குழுவுக்கு அனுப்பி, நேரில் வந்து பேச நேரம் கேளுங்கள்.